வீராணம் ஏரிக்கரையில் ஆட்சி யார் கையில்?

சென்னையில் ஒரு வீடு. விடிந்ததும் ஒரு தாய் குழாயைத் திறக்கிறாள். குடத்தில் தண்ணீர் விழுகிறது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அதில் ஒரு பங்கு, 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறது. கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் இருக்கும் வீராணம் ஏரியிலிருந்து வருகிறது.

அதே ஏரியின் மதகுக்குக் கீழே ஒரு விவசாயி நிற்கிறார். அவருடைய சம்பா நடவுக்குத் தண்ணீர் வேண்டும்.

அதே ஏரிக்குக் கிழக்கே, பள்ளத்தில், இன்னொரு குடும்பம் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் ஏரி நிரம்பினால் அந்தக் குடும்பத்துக்குத் தூக்கம் இல்லை. உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டால் அவர்களுடைய வயல் மூழ்கும். வீட்டு வாசல் வரை வெள்ளம் வரும்.

ஒருவருக்குக் குடிக்கத் தண்ணீர். ஒருவருக்குப் பயிருக்குத் தண்ணீர். ஒருவருக்குத் தண்ணீர் என்றாலே பயம். மூவருக்கும் ஏரி ஒன்றுதான்.

மதகை எப்போது திறப்பது? எவ்வளவு திறப்பது? யாருக்கு முதலில் கொடுப்பது? இதை முடிவு செய்வது யார்? ஊர்ப் பஞ்சாயத்தா? தாசில்தாரா? சென்னையில் இருக்கும் அரசாங்கமா?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், அந்த மண் எப்படிப்பட்டது, அங்கே வாழும் ஜனங்கள் யார், அவர்களை ஆளும் சபைகள் எவை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

காட்டுமன்னார்கோயில், கடலூர் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் பஸ் பிடித்துச் சிதம்பரம் போக வேண்டும்.

தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது. வடக்கே வெள்ளாறு ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நெல் வயல். மலை இல்லை. பெரிய காடும் இல்லை. பெயரில்தான் காடு இருக்கிறது. அங்கே கோயில் கொண்டிருக்கும் பெருமாளுக்குக் காட்டுமன்னனார் என்று பெயர். அந்தப் பெயரே ஊருக்கும் வந்தது. வைணவப் பெரியவர் நாதமுனிகள் பிறந்த ஊர் இதுதான்.

மேற்கே, ஜெயங்கொண்டம் பக்கம், நிலம் மேடு. அங்கே பெய்யும் மழை செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை ஆகியவற்றின் வழியாக ஓடி வந்து வீராணத்தில் விழுகிறது.

இது மழைத் தண்ணீர். ஆற்றுத் தண்ணீரும் வருகிறது.

மேட்டூரில் திறக்கும் காவிரித் தண்ணீர் திருச்சியைத் தாண்டிக் கொள்ளிடத்தில் வருகிறது. அணைக்கரையில் கீழணை அதைத் தடுத்து நிறுத்துகிறது. இந்த அணையை 1836ஆம் ஆண்டில் கட்டியவர் ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார இன்ஜினீயர். அங்கிருந்து வடவாறு என்ற கால்வாய் பிரிகிறது. அந்த வடவாறு வந்து வீராணத்தை நிரப்புகிறது.

காவிரித் தண்ணீர் ஊர் ஊராகப் பாய்ந்து, கடைசியாக வந்து சேரும் பகுதிகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் இதைக் கடைமடை என்கிறார்கள். மேலே தண்ணீர் தாராளமாக இருந்தால் கடைமடைக்கு வரும். மேலே குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான்.

வெள்ளம் வந்தாலும் அப்படியே. மேலே உள்ளவர்களுக்கு வேண்டாத தண்ணீரெல்லாம் கடைசியில் இங்கேதான் வரும். 2018 ஆகஸ்டிலும் 2022ஆம் ஆண்டிலும் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. கரையோர ஜனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள்.

ஏரியின் கணக்கு

வீராணம் ஏரி சுமார் 14 கிலோமீட்டர் நீளம். ஏரிக்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, ஏரி கூடவே ஓடி வருவது போல இருக்கும்.

ஏரியின் முழு மட்டம் 47.5 அடி. முன்பு 45.5 அடியாக இருந்தது. சென்னைக்குத் தண்ணீர் கொண்டு போகும் திட்டம் வந்தபோது கரையை உயர்த்தி 2 அடி கூட்டினார்கள்.

ஏரி நிரம்பினால் அதில் 1.465 டி.எம்.சி. தண்ணீர் நிற்கும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. லிட்டரில் சொன்னால், நிரம்பிய வீராணத்தில் 4,100 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். இது ஏட்டுக் கணக்கு. வண்டல் படியப் படிய இந்த அளவு குறையும்.

முப்பதுக்கு மேற்பட்ட மதகுகள் வழியாக இந்தத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. பாசனம் பெறும் நிலம் சுமார் 45,000 ஏக்கர். சம்பா நெல் முக்கியம். நெல் அறுத்த பின் உளுந்து, பயறு போடுகிறார்கள். லால்பேட்டை பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. சேத்தியாத்தோப்பில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது.

2020ஆம் ஆண்டில் தமிழக அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காவிரி டெல்டா பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அது அறிவித்தது. அதில் கடலூர் மாவட்டத்தின் 5 ஒன்றியங்களும் சேர்ந்தன. காட்டுமன்னார்கோயிலும் அதன் பக்கத்து ஒன்றியமான குமராட்சியும் அவற்றில் இரண்டு. மண்ணைத் தோண்டி எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதுத் திட்டங்களுக்கு அங்கே இடம் இல்லை என்பது சட்டத்தின் சாரம்.

ஜனங்கள் எவ்வளவு?

முன்பு இதெல்லாம் தென்னாற்காடு ஜில்லா. மிகப் பெரிய ஜில்லா. 1993ஆம் ஆண்டில் அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி விழுப்புரம் ஆனது. மறு பாதி கடலூர் ஆனது. பின்னாளில் காட்டுமன்னார்கோயில் தாலுகாவிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் தனித் தாலுகாவாகப் பிரிந்தது.

கடலூர் மாவட்டத்தின் பரப்பு 3,678 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஜனத்தொகை 26,05,914. சதுர கிலோமீட்டருக்கு 700 பேருக்கு மேல் ஆகிறது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் கிராமங்களில் வாழ்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 78 பேர். ஆயிரம் ஆண்களுக்கு 987 பெண்கள் இருந்தார்கள்.

இன்னொரு கணக்கு மிகவும் முக்கியமானது. மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். காட்டுமன்னார்கோயில் சட்டசபைத் தொகுதி அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி.

இந்தக் கணக்கு எல்லாம் பழசு. 2021ஆம் ஆண்டில் எடுக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்படவில்லை. 2027ஆம் ஆண்டில் எடுக்கப்படும் என்று மத்திய அரசாங்கம் 2025 ஜூனில் அறிவித்தது.

தலை எண்ணிக்கை தெரியாவிட்டால் என்ன நஷ்டம்? நஷ்டம் உண்டு. ஊராட்சிக்குப் பணம் ஒதுக்குவதற்கு ஜனத்தொகை ஓர் அளவுகோல். எந்த வார்டு பெண்ணுக்கு, எந்தத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவருக்கு என்று ஒதுக்குவதும் ஜனத்தொகையைப் பார்த்துத்தான். பழைய கணக்கில் பங்கு போட்டால், பெருத்துப்போன ஊருக்குப் பங்கு குறையும்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சபை

ஊரை ஊரே ஆள்வது காட்டுமன்னார்கோயிலுக்குப் புதிது அல்ல.

வீராணம் ஏரி 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. அவனுடைய பட்டப் பெயர் வீரநாராயணன். ஏரிக்கு வீரநாராயண ஏரி என்று பெயர் வைத்தார்கள். ஜனங்கள் வாயில் அது வீராணம் ஆயிற்று. கல்கி எழுதிய "பொன்னியின் செல்வன்" கதையும் இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது.

ஊருக்கு அப்போது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். ஊரை ஆண்டது ஒரு சபை. அந்தச் சபை எவ்வளவு அதிகாரம் உள்ளது என்பதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது.

ஊரின் ஒரு பகுதியான உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அந்தக் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு. ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டைச் சேர்ந்தது. அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய சொத்துகளைப் பறிமுதல் செய்யும்படி அரசன் ஓலை அனுப்புகிறான். யாருக்கு அனுப்புகிறான்? ஊர்ச் சபைக்கு!

அரசனே கொலைகாரர்களின் சொத்தை எடுப்பதற்கு ஊர்ச் சபைக்கு எழுத வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய சபை அது.

அதே பராந்தகன் காலத்தில், காஞ்சிபுரம் பக்கம் உத்தரமேரூரில், ஊர்ச் சபைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரியைக் கவனிப்பதற்கென்றே 6 பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. பதவி ஒரு வருஷம். கணக்குக் காட்டாதவர் மறுபடியும் நிற்க முடியாது.

இதைப் படிக்கும்போது பெருமையாக இருக்கும். ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும்.

அந்தக் குடத்தில் யாருடைய பெயர் விழுந்தது? சொந்த மனையில் வீடு வேண்டும். நிலம் வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். பெண்ணுக்கு இடம் இல்லை. ஏரியில் மண் சுமந்தவனுக்கு இடம் இல்லை. நாற்று நட்டவளுக்கு இடம் இல்லை.

ஆயிரம் வருஷத்துக்குப் பின் அந்த நிலைமை மாறியது. காட்டுமன்னார்கோயில் தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்தவர் எல். இளையபெருமாள். அவர் 1952ஆம் ஆண்டில், சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலிலேயே, பார்லிமெண்டுக்குப் போனார். தீண்டாமையைப் பற்றி ஆராய 1965ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் அமைத்த கமிட்டிக்கு அவர்தான் தலைவர். 1969ஆம் ஆண்டில் அந்தக் கமிட்டி அறிக்கை கொடுத்தது.

பழைய சபையில் ஏரி இருந்தது. எல்லா ஜனங்களும் இல்லை. இன்றைய சபையில் எல்லா ஜனங்களுக்கும் ஓட்டு இருக்கிறது. ஏரி?

மூன்று படிகள்

இன்றைய உள்ளூர் ஆட்சி மூன்று படிகள் கொண்டது.

முதல் படி, கிராம ஊராட்சி. அதன் தலைவரை ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தெரு விளக்கு, குடிதண்ணீர், சாக்கடை, கிராமச் சாலை, சுடுகாடு இவையெல்லாம் அவர் பொறுப்பு.

இரண்டாம் படி, ஊராட்சி ஒன்றியம். பழைய ஆட்கள் பஞ்சாயத்து யூனியன் என்பார்கள். இதன் தலைவரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மூன்றாம் படி, மாவட்ட ஊராட்சி. கடலூரில் இருக்கிறது. அதன் தலைவரையும் உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

காட்டுமன்னார்கோயிலும் லால்பேட்டையும் பேரூராட்சிகள். அவற்றுக்குத் தனி மன்றமும் தனித் தலைவரும் உண்டு. அவை இந்த மூன்று படிகளில் சேராது.

இது ஓட்டு வாங்கி வருகிறவர்களின் ஏணி. பக்கத்திலேயே இன்னொரு ஏணி இருக்கிறது. அது உத்தியோகஸ்தர்களின் ஏணி. கீழே கிராம நிர்வாக அதிகாரி. அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர். அவருக்கு மேலே தாசில்தார். சிதம்பரத்தில் கோட்டாட்சியர். கடலூரில் கலெக்டர். பட்டா, சாதிச் சான்று, வெள்ள நிவாரணம் எல்லாம் இந்த ஏணியில் ஏறி இறங்குகின்றன.

ஏரிக்கு எஜமான் யார்?

இந்த இரண்டு ஏணியிலும் ஏரி இல்லை. இது பலருக்குத் தெரியாத விஷயம்.

ஏரி மூன்றாவது ஏணியில் இருக்கிறது. முன்பு அதற்குப் பொதுப்பணித் துறை என்று பெயர். 2021ஆம் ஆண்டில் அதிலிருந்து நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது. கீழணை, வடவாறு, வீராணம் மூன்றையும் பார்த்துக்கொள்வது அந்தத் துறையின் இன்ஜினீயர்கள். பாசனத்துக்கு ஏரியைத் திறக்க அரசாங்கம் உத்தரவு போட வேண்டும்.

ஊராட்சி ஒன்றியத்துக்கு ஏரியே கிடையாதா? உண்டு. 100 ஏக்கருக்கு உட்பட்ட பாசனம் உள்ள சின்ன ஏரிகள் ஒன்றியத்தின் பொறுப்பு. குளம், குட்டை, ஊருணி ஊராட்சியின் பொறுப்பு. அதற்கு மேலே போனால் அது துறையின் சொத்து. வீராணம் 45,000 ஏக்கர். ஊராட்சித் தலைவரின் கைக்கு அது எட்டாது.

இப்படி வைத்ததில் நியாயம் இருக்கிறது. வீராணம் ஓர் ஊருக்குச் சொந்தம் அல்ல. அதன் தண்ணீர் மேட்டூரிலிருந்து வருகிறது. ஒரு மதகைக் கூடுதலாகத் திறந்தால் பக்கத்து மதகுக்காரனுக்குக் குறையும். ஏரி நிரம்பும்போது லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடையைத் திறந்தால் திருநாரையூர், குமராட்சி பக்கத்துத் தாழ்ந்த வயல்களுக்கு ஆபத்து. திறக்காவிட்டால் கரைக்கே ஆபத்து. பல ஊர்க் காரியத்தை ஓர் ஊர் முடிவு செய்ய முடியாது.

ஆனால் எல்லா ஊரும் சேர்ந்து முடிவு செய்யலாம் அல்லவா? அதற்குத்தான் ஒரு சட்டம் வந்தது. விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000. அதன்படி பாசனம் பெறும் விவசாயிகள் சங்கம் அமைத்து, தேர்தல் நடத்தி, வாய்க்காலைக் கவனிக்கலாம். அதிலும் ஒரு குறை. அதில் ஓட்டு, நிலம் உள்ளவர்களுக்குத்தான். வெள்ளத்தில் குடிசையை இழக்கும் கூலிக்காரருக்கு அங்கே ஓட்டு இல்லை.

குழாயில் போன தண்ணீர்

சென்னைக்கு வீராணம் தண்ணீர் என்பது பழைய கனவு. 1960களின் கடைசியில் பேசிய திட்டம் பாதியில் நின்றது. அதற்காகச் செய்த பெரிய பெரிய குழாய்கள் பல வருஷம் சாலையோரத்தில் கிடந்தன.

பிறகு புதிய வீராணம் திட்டம் வந்தது. 2004ஆம் ஆண்டில் தண்ணீர் சென்னை போய்ச் சேர்ந்தது. சேத்தியாத்தோப்பில் தண்ணீரை இறைக்கிறார்கள். நெய்வேலி பக்கத்தில் வடக்குத்தில் சுத்தம் செய்கிறார்கள். அங்கிருந்து குழாயில் சென்னைக்கு அனுப்புகிறார்கள். திட்டத்தின் அளவு ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர்.

ஒரு கணக்குப் போட்டால் விஷயம் புரியும். ஏரி நிரம்பினால் 4,100 கோடி லிட்டர். சென்னைக்கு நாளொன்றுக்கு 18 கோடி. வயலுக்கு ஒரு சொட்டும் விடாமல், வெயிலில் ஒரு சொட்டும் ஆவியாகாமல் இருந்தால்கூட, ஏறத்தாழ 230 நாளில் ஏரி காலி. அதனால் வருஷத்தில் பல தடவை கீழணையிலிருந்து தண்ணீர் விட்டு ஏரியை நிரப்ப வேண்டியிருக்கிறது.

சென்னைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வது தமிழனுக்கு வழக்கம் இல்லை. பிரச்சினை அது அல்ல. வறட்சி வந்தால் பங்கு எப்படி என்பதே பிரச்சினை. அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் ஏரிக்கரை ஊராருக்கு நாற்காலி இருக்கிறதா என்பதே கேள்வி.

எக்வடாரில் என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்வி இங்கே மட்டும் எழவில்லை. தண்ணீரும் விவசாயமும் உள்ள எல்லா நாட்டிலும் எழுகிறது. ஒரு நாட்டில் அதற்குக் கொடுத்த பதில் கவனிக்கத் தக்கது.

தென் அமெரிக்காவில் எக்வடார் என்று ஒரு சின்ன நாடு. பூமியின் நடுக்கோடு அதன் வழியாகப் போகிறது. வாழைப்பழ ஏற்றுமதிக்குப் பேர் போன நாடு. அதில் 24 மாகாணங்கள். மாகாணத்துக்குள் காண்டன். காண்டனுக்குள் பாரோக்கியா. கிட்டத்தட்ட மாவட்டம், தாலுகா, கிராமம் மாதிரி.

பெரும்பாலான மாகாணங்களில் இரண்டு பெரிய மனிதர்கள் இருப்பார்கள். கவர்னரை ஜனாதிபதி நியமிக்கிறார். பிரிபெக்டை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே கலெக்டரும் மாவட்ட ஊராட்சித் தலைவரும் இருப்பது போலத்தான்.

வித்தியாசம் அதிகாரத்தில் இருக்கிறது. பாசன வேலைகளைத் திட்டமிடுவதும், கட்டுவதும், நடத்துவதும், பழுது பார்ப்பதும் மாகாண ஆட்சியின் பொறுப்பு என்று எக்வடாரின் 2008ஆம் ஆண்டு அரசியல் சட்டம் எழுதி வைத்தது. தண்ணீர் வராவிட்டால் விவசாயி, தான் ஓட்டுப் போட்ட பிரிபெக்டைப் பிடித்துக் கேட்கலாம்.

இந்திய அரசியல் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 73ஆவது திருத்தம் 1993ஆம் ஆண்டில் அமலுக்கு வந்தது. அதனுடன் சேர்ந்த பட்டியலில் 29 காரியங்கள் இருக்கின்றன. சிறு பாசனமும் நீர் மேலாண்மையும் அவற்றில் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? இந்த அதிகாரங்களை மாநிலம் பஞ்சாயத்துகளுக்குக் கொடுக்கலாம் என்கிறது. கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. "கொடுக்கலாம்" என்ற சொல்லுக்குள்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

காலி நாற்காலி

அதிகாரம் கொஞ்சமோ அதிகமோ, அதை வகிக்க ஆள் வேண்டும். அந்த ஆளே இல்லாத காலம் பல தடவை வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 1970ஆம் ஆண்டில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986ஆம் ஆண்டில்தான். அதற்கு அடுத்தது 1996. அப்போது பிறந்த நம்பிக்கையில் 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்தது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டு வழக்கில் நின்றது. கடலூர் மாவட்ட கிராமங்கள் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் ஓட்டுப் போட்டன. பேரூராட்சிகள் இன்னும் காத்திருந்து, 2022 பிப்ரவரி 19ஆம் தேதி ஓட்டுப் போட்டன.

2019ஆம் ஆண்டில் வந்த ஊராட்சிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. உடனே தேர்தல் நடக்கவில்லை. ஊராட்சிகள் தனி அதிகாரிகள் கைக்குப் போயின.

தனி அதிகாரி நல்லவராக இருக்கலாம். கெட்டிக்காரராகவும் இருக்கலாம். ஆனால் ஒரு தனி அதிகாரிக்குப் பல ஊராட்சிகள். ராத்திரி பத்து மணிக்கு வாய்க்கால் உடைந்தால் கதவைத் தட்டுவதற்கு அவர் அந்த ஊரில் குடியிருக்க மாட்டார். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டும் வர மாட்டார்.

இதில் அதிகம் இழப்பவர்கள் பெண்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உள்ளாட்சியில் பாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தது. நாற்காலி காலியானால் அந்தப் பாதியும் காலி.

நாற்காலி கிடைத்தாலும் போதாது. உட்கார விட வேண்டும். 2020ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அந்தப் படம் வெளியானதும் நாடே பார்த்தது. போலீசார் வழக்குப் போட்டார்கள். சட்டம் கொடுத்த நாற்காலியை ஊர் கொடுக்கவில்லை.

87 ஓட்டு

ஓர் ஓட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. காட்டுமன்னார்கோயில்காரர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

2016ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் இந்தத் தொகுதியில் அ.தி.மு.க.வின் முருகுமாறனும் விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் தொல். திருமாவளவனும் போட்டியிட்டார்கள். இருவருக்கும் 48 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. முருகுமாறன் ஜெயித்தார். வித்தியாசம் வெறும் 87 ஓட்டு!

87 பேர் என்றால் இரண்டு பஸ் ஆட்கள். சட்டசபைக்கே இப்படி என்றால், சில நூறு ஓட்டுள்ள ஊராட்சி வார்டில் ஒரு குடும்பம் போட்டாலும் போடாவிட்டாலும் முடிவு மாறும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

ஏரிக்கரைக் குடும்பங்களுக்கு இது தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

தெரு விளக்கு, குடிதண்ணீர், சாக்கடை: கிராமமானால் ஊராட்சி. காட்டுமன்னார்கோயில், லால்பேட்டையானால் பேரூராட்சி ஆபீஸ்.

சின்ன ஏரி, குளம் தூர் எடுப்பது: ஊராட்சி ஒன்றிய ஆபீஸ்.

வீராணம் மதகு, வடவாறு, பெரிய வாய்க்கால்: நீர்வளத் துறை இன்ஜினீயர்.

பட்டா, வாரிசுச் சான்று: தாலுகா ஆபீஸ்.

வெள்ளத்தில் பயிர் சேதம்: கிராம நிர்வாக அதிகாரியிடமும் வேளாண்மைத் துறையிடமும் உடனே சொல்ல வேண்டும். தண்ணீர் வடிந்த பின் சொன்னால் கணக்கில் சேருவது கஷ்டம்.

எங்குமே நடக்காவிட்டால், கலெக்டர் மாதாமாதம் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம்.

இவை எல்லாவற்றையும்விடப் பக்கத்தில் இருப்பது கிராம சபை. வருஷத்துக்கு 6 தடவை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் ஓட்டர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் அதில் பேசலாம். நிலம் இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். வேதம் படித்தாயா என்றும் கேட்க மாட்டார்கள்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு ஏரிக்கரை ஊர்களின் சபைகள் எல்லாம் கூடி, வீராணத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, சென்னைக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு, வெள்ளம் வந்தால் எந்த ஓடையை எப்போது திறப்பீர்கள், எங்களுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொல்வீர்கள் என்று கேட்டுத் தீர்மானம் எழுதினால் என்ன ஆகும்?

மதகின் சாவி ஊராட்சிக்கு வந்துவிடாது. அது இன்ஜினீயரிடமே இருக்கும். ஆனால் சாவி வைத்திருப்பவர் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்ச் சபைக்கு அரசன் ஓலை எழுதினான். இந்தக் காலத்தில் சபைதான் அரசாங்கத்துக்கு எழுத வேண்டும். அன்றைய சபையில் இடம் கிடைக்காதவர்களின் பேரப் பிள்ளைகள் இப்போது அதில் கையெழுத்துப் போடலாம்.

அதற்குக் கிராம சபை கூட வேண்டும். கூடும் நாளில் ஜனங்கள் போக வேண்டும். தலைவர் நாற்காலியில், ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.